இன்னும் வீட்டுக்குப் போகவில்லை

உடை மாற்றும் அறை என்று அதற்குப் பெயர். மாடிப்படிக்குக் கீழே, நிமிர்ந்து நின்றால் தலையில் இடிக்கும் ஒரு மூலை. முன்பு வார்டுக்குப் பக்கத்திலேயே செவிலியருக்கென்று காற்றோட்டமான அறை ஒன்று இருந்தது. உடைந்த கட்டில்களைப் போட்டுவைக்க இடமில்லை என்று அதை எடுத்துக்கொண்டார்கள். கட்டில்களுக்கு அங்கே நல்ல ஓய்வு.

ராத்திரி டூட்டி முடிந்த செவிலி அந்த மூலையில் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கால் வீங்கியிருந்ததால் அது லேசில் கழன்று வரவில்லை. ஒன்றைக் கழற்றிவிட்டு, அடுத்ததைக் கழற்றத் தெம்பு வரட்டும் என்று சுவரில் சாய்ந்துகொண்டாள். கணவன் அச்சகத்துக்குக் கிளம்பியிருப்பான். மகள் பள்ளிக்கூடம் போயிருப்பாள். வீடு காலியாக இருக்கும். ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, குப்புறப் படுத்தால் சாயங்காலம் வரைக்கும் யாரும் எழுப்ப மாட்டார்கள். தூக்கத்தைத் தவிர அவளுக்கு அன்றைக்கு உலகத்தில் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

"கண்ணு, கிளம்பிட்டியா?"

வாசலில் வார்டு இன்சார்ஜ் நின்றிருந்தாள். ஐம்பதைத் தாண்டியவள், கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்திருப்பவள், அந்த வார்டில் எல்லாருக்கும் அக்கா. அவள் கோபமாகப் பேசினால் பயப்பட ஒன்றுமில்லை. 'கண்ணு' என்று கூப்பிட்டால்தான் பயப்பட வேண்டும்.

"கிளம்பிட்டேன்க்கா."

"காலை டூட்டிக்கு வர வேண்டியவளுக்குக் காய்ச்சலாம். இன்னொருத்தியோட மாமியார் வழுக்கி விழுந்துட்டாங்களாம். வார்டுல என்னைத் தவிர ஆளில்ல. மதியம் வரைக்கும் மட்டும் நின்னுடேன். மதியம் ஆளு வந்ததும் நானே உன்னக் கழுத்தப் புடிச்சு வெளிய தள்ளிடறேன்."

கழற்றிய ஷூ அவள் கையில்தான் இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரிக்கா," என்றாள்.

இந்த 'சரிக்கா' என்பதுதான் நாளடைவில் அவளுக்குப் பேராகிவிட்டது. லீவு நாளில் வரச் சொன்னாலும் சரிக்கா, வேறு வார்டில் போய் நிற்கச் சொன்னாலும் சரிக்கா. புதிதாக வந்த டாக்டர் ஒருவர் அதுதான் அவளுடைய உண்மையான பெயர் என்று நினைத்து, ரொம்ப நாள் மரியாதையாக அப்படியே கூப்பிட்டுக்கொண்டிருந்தார். யாரும் திருத்தவில்லை. அவளும் திருத்தவில்லை.

இன்சார்ஜைக் கெட்டவள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அவளும் இப்படி நின்று நின்று மேலே வந்தவள்தான். ஆள் குறைந்தால் யாரைக் கேட்பது என்று அவள் மனதுக்குள் ஒரு வரிசை உண்டு. ஒருத்தி சண்டைக்கு வருவாள். ஒருத்தி அழுது தீர்த்துவிடுவாள். ஒருத்தியின் கணவன் ஆஸ்பத்திரிக்கே வந்து சத்தம் போடுவான். இந்தத் தொல்லை எதுவும் இல்லாதவள் சரிக்கா. ஆகவே எப்போதும் முதலில் அவள். பாரம் சுமக்கிறவளின் தலையிலேயே மேலும் மேலும் ஏற்றிவிட்டு, 'தங்கமான பொண்ணு' என்று பாராட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவள் மறுத்துப் பேசாததற்கு வேறொரு காரணமும் இருந்தது. அவள் நிரந்தர வேலையில் இல்லை, ஒப்பந்தத்தில் இருந்தாள். மாதக் கடைசியில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். அவள் மேல் ஒரே ஒரு புகார் இருந்தாலும் புதுப்பிக்க மாட்டார்கள். அச்சகத்தில் கணவனுக்கு வாரத்தில் பாதி நாள்தான் வேலை இருந்தது. வீடு ஓடுவது இவளால்தான். இந்தச் சமயத்தில் யார் முகத்தையும் கோணவைக்க அவளால் முடியாது.

கழற்றிய ஷூவுக்குள் காலை மறுபடி நுழைத்தாள். நுழைப்பதற்குக் கழற்றியதைவிட அதிக நேரம் பிடித்தது.

வார்டு என்றால் வார்டு, மூச்சுவிட இடமில்லாத வார்டு. கட்டில்கள் நிரம்பி, நடைபாதையிலும் பாய் விரித்திருந்தார்கள். ஒரு பக்கம் ஊசி, ஒரு பக்கம் டிரஸ்ஸிங், ஒருவரை ஆபரேஷனுக்குத் தயார் பண்ண வேண்டும், இன்னொருவரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். நடுவில் 'சிஸ்டர், ஃபேன் ஓடல', 'சிஸ்டர், எங்க அப்பாவுக்குத் தலகாணி', 'சிஸ்டர், டாக்டர் எப்ப வருவாரு' என்று ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். கேட்பவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அவரவர் உடம்பு, அவரவர் பயம். வெள்ளை உடுப்பில் கண்ணில் படுகிறவள் ஒருத்திதான், அவளைத்தான் கேட்பார்கள்.

தண்ணீர் குடிப்பதை அவள் எப்போதோ விட்டுவிட்டாள். குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும். அது கீழ்த்தளத்தில் இருக்கிறது. வார்டை யாரிடம் விட்டுவிட்டுப் போவது? நோயாளிகளிடம் 'நல்லாத் தண்ணி குடிங்க, அப்பத்தான் கிட்னிக்கு நல்லது' என்று நாள் முழுக்கச் சொல்லுகிறவள், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ள நடமாடிக்கொண்டிருந்தாள். அடிவயிற்றில் ஒரு வலி இருந்துகொண்டே இருந்தது. டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். நாள் முழுக்க டாக்டர்களின் பின்னாலேயே நடக்கிறவளுக்கு, ஒரு டாக்டரிடம் தன்னைக் காட்டத்தான் நேரமில்லை.

ஜன்னலோரக் கட்டிலில் ஒரு அம்மாள் இருந்தாள். பித்தப்பையில் கல் என்று ஆபரேஷன் ஆகி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. தையல் வலித்தாலும் வாய் மட்டும் ஓயவில்லை.

"ஏம்மா, நேத்து ராத்திரி எனக்கு ஊசி போட்டது நீதானே?"

"நான்தான்மா."

"இப்ப வெயில் மண்டையப் பொளக்குது. இப்பவும் நீயே வந்து நிக்கிற. உனக்கு வீடு வாசல் எதுவும் கிடையாதா?"

"இருக்கும்மா. இன்னும் போகல."

"என்னைய அறுத்தவரு கூட வந்து எட்டிப் பாத்துட்டு அஞ்சு நிமிஷத்துல போயிட்டாரு. நீ என்னமோ இந்தக் கட்டிலுக்கு வாக்கப்பட்டவ மாதிரி சுத்திச் சுத்தி வர்ற. கொஞ்சம் இப்படி ஓரமா உக்காரு."

"உக்காந்தா எழுந்திரிக்க மாட்டேம்மா," என்று சிரித்தாள். அது விளையாட்டுக்குச் சொன்ன பேச்சில்லை.

மதியம் வந்தது. மதிய டூட்டிக்கு ஆளும் வந்தாள். சரிக்கா நிம்மதியாகக் கையைக் கழுவிக்கொண்டிருந்தபோது இன்சார்ஜ் தோளைத் தொட்டாள்.

"கண்ணு."

சரிக்கா திரும்பவில்லை. குழாயை மூடிவிட்டு அப்படியே நின்றாள்.

"ஆபரேஷன் தியேட்டர்ல ஆள் பத்தலைன்னு, வந்தவள அங்க இழுத்துட்டாங்க. நான் என்ன செய்வேன், சொல்லு. சாயங்காலம் வரைக்கும்தான். நீ இருந்தா எனக்கு ஒரு தைரியம்."

இந்த முறை அவளுக்கு 'சரிக்கா' என்ற சொல் வாயில் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். இன்சார்ஜுக்கு அதுவே போதுமாக இருந்தது. சரிக்கா முந்தின நாள் கொண்டுவந்த சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மோந்து பார்த்து, அப்படியே மூடி வைத்துவிட்டு, யாரோ கொடுத்த ஒரு பன்னை நின்றபடியே தின்றாள்.

விரலில் மாட்டி நாடித்துடிப்பு பார்க்கிற சின்ன மெஷின் ஒன்று வார்டில் இருந்தது. பழுதாகி ரிப்பேருக்குப் போனது, போனதுதான். அதனால் பழையபடி மணிக்கட்டைப் பிடித்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து, எண்ண வேண்டியிருந்தது. வரிசையாக எண்ணிக்கொண்டே வந்தவள் ஜன்னலோர அம்மாளிடம் வந்தாள். அந்த அம்மாளின் இடது கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. வலது கையைப் பிடித்து, கட்டிலில் இடுப்பை முட்டுக் கொடுத்து நின்று எண்ண ஆரம்பித்தாள்.

எண்ணியதுதான் வினையாகப் போயிற்று. தூக்கம் வராதவர்களை எண்ணச் சொல்லுவார்கள். இவளுக்கோ தூக்கம் கண் இமையின் விளிம்பிலேயே காத்துக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாக மதிய வெயில் முதுகில் இதமாக விழுந்தது. முப்பது, முப்பத்தொன்று, முப்பத்திரண்டு என்று உதடுகள் முணுமுணுத்தன. அதற்குப் பிறகு உதடுகள் நின்றுவிட்டன. தலை மெல்லக் கவிழ்ந்தது. நின்றபடியே, நோயாளியின் கையைப் பிடித்தபடியே, தூங்கிவிட்டாள்.

அந்த அம்மாளுக்கு விஷயம் உடனே புரிந்துவிட்டது. என்னவோ கேட்க வாயெடுத்தவள் பேசாமல் இருந்துகொண்டாள். மூக்கில் ஈ வந்து உட்கார்ந்தது. அதைக்கூட ஓட்டவில்லை. கையை அசைத்தால் பெண் விழித்துக்கொள்வாளே என்று மரக்கட்டை போலக் கிடந்தாள். ஊரிலுள்ள எல்லாரையும் வாயால் விரட்டுகிற அந்த அம்மாள் அன்றைக்குக் காட்டிய பொறுமையை அவளுடைய வீட்டார் பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள். கொஞ்ச நேரத்தில், மருந்தின் மயக்கமோ என்னவோ, அவளும் கண்ணயர்ந்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் அந்த அம்மாளின் கணவர் சுடுதண்ணீர்ப் பிளாஸ்க்கோடு உள்ளே வந்தார். அவருக்குப் பஸ் டிப்போவில் வேலை. எந்த வண்டிக்கு எந்த டிரைவர், எந்த நேரத்துக்கு எந்த வண்டி என்று பிரித்து அனுப்புகிற அதிகாரி. எல்லாரும் அவரை டிப்போக்காரர் என்றே சொல்வார்கள். எதுவும் நேரப்படி நடக்க வேண்டும் என்று நினைக்கிறவர்.

அவர் கண்ணில் பட்டது இதுதான். குளுக்கோஸ் பாட்டில் காலியாகத் தொங்குகிறது. மனைவியின் இடது கையிலிருந்து ரத்தம் சிவப்பாகக் குழாயில் மேலே ஏறி நிற்கிறது. மனைவி கண்ணை மூடிக் கிடக்கிறாள். பக்கத்திலேயே செவிலி நின்றுகொண்டு தூங்குகிறாள்.

பிளாஸ்க் கீழே விழுந்த சத்தத்தில் வார்டே திரும்பியது.

"என்ன நடக்குது இங்க? ரத்தம் போயிட்டிருக்கு, நீங்க பாட்டுக்குத் தூங்கிட்டு நிக்கிறீங்க."

சரிக்கா திடுக்கிட்டு விழித்தாள். என்ன ஏது என்று தெரியும் முன்பே அவள் கைகள் வேலையை ஆரம்பித்துவிட்டன. குழாயை மூடினாள், பாட்டிலைக் கழற்றினாள், ஊசியைச் சரிபார்த்தாள். பாட்டில் தீர்ந்து போனால் இப்படிக் கொஞ்சம் ரத்தம் பின்னால் ஏறுவது உண்டு. உயிருக்கு ஆபத்தில்லை, ஊசியை மாற்றிக் குத்த வேண்டியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் பார்க்கிறவருக்கு அது எப்படித் தெரியும்? அதே அசதியில் அவள் தவறான மருந்தை ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

"என்னங்க, கத்தாதீங்க," என்றாள் மனைவி, கண்ணைத் திறந்து. "எனக்கு ஒண்ணும் ஆகல. பாவம், அசந்துட்டா. நான்தான் எழுப்ப வேணாம்னு கையக்கூட அசைக்காம இருந்தேன்."

"உனக்கு ஒண்ணும் தெரியாது, நீ பேசாம இரு. இன்னிக்குப் பாவம் பாத்து விட்டா, நாளைக்கு இன்னொருத்தன் பொண்டாட்டி செத்துப் போவா."

அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. பயந்த மனிதனின் கோபம் அது. டிப்போவில் தினமும் நாலு பேரின் புகாரை வாங்கி வாங்கிப் புகார் எழுதுவது அவருக்குக் கைவந்த கலையாகியிருந்தது. வாசலில் உட்கார்ந்து மளமளவென்று எழுதி, நேரே ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர் அறைக்குப் போனார்.

கண்காணிப்பாளர் ஒரு காலத்தில் நல்ல டாக்டர் என்று பேரெடுத்தவர். நாற்காலியில் உட்கார்ந்த பிறகு ஆட்களைப் பார்க்காமல் காகிதங்களை மட்டும் பார்க்கிறவராகிவிட்டார். புகாரைப் படித்துவிட்டு இன்சார்ஜையும் சரிக்காவையும் கூப்பிட்டனுப்பினார். மேஜைக்கு முன்னால் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் டிப்போக்காரர் உட்கார்ந்திருந்தார். இன்னொன்று காலியாக இருந்தது. சரிக்கா அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உட்காரச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

"ஏம்மா, டூட்டியில தூங்கினது நிஜமா?"

"ஆமா சார். தூங்கிட்டேன்."

"அவ்வளவு சாதாரணமாச் சொல்ற?"

அவள் என்ன சொல்லுவாள்? காரணம் சொன்னால் அக்காவைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகும். சொல்லாவிட்டால் வேலை போகும். இரண்டில் எது என்று யோசிக்கக்கூட அவளுக்குத் தலை வேலை செய்யவில்லை. மாதக் கடைசி, ஒப்பந்தம், மகள், அடுப்பு எல்லாம் கலங்கலாக எங்கேயோ தூரத்தில் தெரிந்தன.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்று கண்காணிப்பாளர் இன்சார்ஜைப் பார்த்தார்.

"நல்ல பொண்ணுதான் சார்," என்றாள் இன்சார்ஜ். "இன்னிக்கு என்னமோ கொஞ்சம் கவனக்குறைவா இருந்துட்டா."

அந்த வார்த்தை அவளுக்குச் சிரமமே இல்லாமல் வந்தது. எத்தனையோ பேரைப் பற்றி எத்தனையோ முறை சொன்ன வார்த்தை. சொல்லி முடித்த பிறகுதான் சரிக்கா தன்னைப் பார்ப்பதைக் கவனித்தாள். அந்தப் பார்வையில் கோபமில்லை, ஆச்சரியம்கூட இல்லை. 'அப்படித்தான் சொல்லுவீங்க, சொல்லிக்கோங்க' என்கிற மாதிரி இருந்தது. இன்சார்ஜ் கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கித் துடைக்க ஆரம்பித்தாள்.

"சரி, அப்ப இந்த மாசத்தோட போதும். புதுப்பிக்க வேணாம்னு எழுதிடறேன்," என்று கண்காணிப்பாளர் பேனாவை எடுத்தார். "சார், உங்களுக்குத் திருப்திதானே?"

டிப்போக்காரர் தலையாட்ட வேண்டிய இடம் அது. அவர் ஆட்டவில்லை. சரிக்காவின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஷூவின் விளிம்பில் சதை பிதுங்கி நின்றது.

"இவங்க டூட்டி எப்ப ஏறுனாங்க?" என்று கேட்டார்.

"அது எதுக்கு இப்ப?"

"பழக்கதோஷம் சார். எங்க வண்டி எங்கயாவது இடிச்சா மொத கேள்வி அதான். டிரைவர் எப்ப டூட்டி ஏறுனான்?"

கண்காணிப்பாளர் இன்சார்ஜைப் பார்த்தார். இன்சார்ஜ் துடைத்த கண்ணாடியையே திரும்பவும் துடைத்தாள். கடைசியில் சரிக்காதான் பதில் சொன்னாள்.

"நேத்து சாயங்காலம் மக ஸ்கூல்லேருந்து வந்ததும் கிளம்பினேன் சார். இன்னும் வீட்டுக்குப் போகல."

"ராத்திரி டூட்டி?"

"ஆமா சார்."

"அது முடிஞ்சு காலை டூட்டியும்?"

"ஆமா."

"இப்ப மதியத்துக்கும் நீங்கதான்."

டிப்போக்காரர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அவர் கண்முன் வந்து நின்றவன் ஒரு டிரைவர். அவரிடம் வேலை பார்க்கிறவன், எதைச் சொன்னாலும் தலையாட்டுகிறவன். அன்றைக்குக் காலையில்தான் அவனிடம் 'தம்பி, ஆளு வரல, இன்னும் ஒரே ஒரு ட்ரிப் அடிச்சுட்டு வந்துடு' என்று கெஞ்சி, வண்டியில் ஏற்றிவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். அவனும் முந்தின நாள் ராத்திரி முழுக்க ஓட்டியவன்தான்.

"நானும் இந்த வேலையத்தான் செய்யறேன் மேடம்," என்றார் இன்சார்ஜைப் பார்த்து. குரலில் பழைய சூடு இல்லை. "யாரு மாட்டேன்னு சொல்ல மாட்டானோ, அவனுக்குத்தான் மொதல்ல போன் போடுவேன். வண்டி இடிச்சா, டிரைவர் கவனக்குறைவுன்னு நானே எழுதுவேன். நீங்க இப்ப சொன்னீங்க பாருங்க, அதே வார்த்தை."

இன்சார்ஜ் கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டாள்.

"சார், நான் புகாரை வாபஸ் வாங்கிக்கறேன்," என்றார் டிப்போக்காரர்.

கண்காணிப்பாளரின் முகம் மலர்ந்துவிட்டது. "ரொம்ப நல்லது. உங்களுக்குப் பெரிய மனசு. அப்ப விஷயம் முடிஞ்சது." காகிதத்தை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, சரிக்காவைப் பார்த்துச் சொன்னார். "உன் நல்ல நேரம். இனிமே ஜாக்கிரதையா இரு. சரி, வார்டுல ஆளில்ல, நீ போய் டூட்டியப் பாரு."

"சரி சார்," என்றாள் சரிக்கா.

நாற்காலியின் முதுகிலிருந்து கையை எடுத்தாள். ஒரு எட்டு வைத்ததும் தள்ளாடி, மறுபடி அதையே பிடித்துக்கொண்டாள். பிறகு தன்னைச் சமாளித்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள். வேலை தப்பித்த நிம்மதி அவள் முகத்தில் தெரிந்தது. அதைவிட அதிகமாக, இன்னும் நிற்க வேண்டுமே என்ற அலுப்புத் தெரிந்தது.

இன்சார்ஜ் அதைப் பார்த்தாள். வாழ்க்கை முழுக்க அவள் இப்படி எத்தனையோ பெண்களின் முதுகைப் பார்த்திருக்கிறாள். வார்டுக்குப் போகிற முதுகுகள். ஒருத்திக்கு இடுப்பு போயிற்று. ஒருத்திக்குக் கரு கலைந்தது, மறுவாரமே வந்து நின்றாள். ஒருத்தி தூக்கமே வராமல் மாத்திரை போட ஆரம்பித்து, பிறகு மாத்திரையை விட முடியாமல், வேலையையே விட்டுவிட்டுப் போனாள். ஒவ்வொரு தடவையும் 'பாவம்' என்று சொல்லிவிட்டு அடுத்தவளைக் கூப்பிட்டவள் இவள்தான்.

"வாபஸ் வாங்காதீங்க சார்," என்றாள்.

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"அவ பேரை அடிச்சுட்டு என் பேரை எழுதுங்க. காலையில அவ வீட்டுக்குக் கிளம்பிட்டா. நான்தான் கெஞ்சி நிறுத்தினேன். மதியமும் நான்தான் நிறுத்தினேன். அவ மாட்டேன்னு சொல்ல மாட்டான்னு தெரிஞ்சேதான் நிறுத்தினேன். இவ்வளவையும் செஞ்சுட்டு, கவனக்குறைவுன்னு வேற சொன்னேன்."

"என்ன பேசறீங்கன்னு தெரிஞ்சுதான் பேசறீங்களா?" என்றார் கண்காணிப்பாளர். "இன்னும் கொஞ்ச நாள்ல ரிட்டயர் ஆகப் போறவங்க நீங்க. இந்த நேரத்துல எதுக்கு இந்த வம்பு?"

"தெரிஞ்சுதான் சார் பேசறேன். என் பேருக்கு மேல உங்க பேரையும் எழுதச் சொல்லுவேன். உங்களுக்கு மேல இருக்கறவங்க பேரு எனக்குத் தெரியாது, தெரிஞ்சா அதையும் சொல்லுவேன்."

"ஆள் கேட்டு எத்தனை தடவ எழுதிட்டேன். குடுக்க மாட்டேங்கறாங்க. நான் என்னம்மா பண்ணட்டும்?"

"குடுக்காமலே இங்க எல்லாம் நடக்குதே சார், அப்புறம் அவங்க ஏன் குடுக்கப் போறாங்க? இவள மாதிரி ரெண்டு பேரு நின்னு நின்னு அந்த ஓட்டைய அடைச்சுக்கிட்டே இருந்தா, மேல இருக்கறவங்களுக்கு ஓட்டை இருக்கறதே தெரியாது. கட்டிலுக்கேத்த ஆளப் போடுங்க. இல்லைன்னா கட்டிலக் குறைங்க. ரெண்டும் முடியாதுன்னு ஒரு பொண்ணோட ஒடம்ப எடுத்து அடைக்காதீங்க. இன்னிக்கு டியூப்ல ரத்தம் ஏறினதோட போச்சு. நாளைக்கு மருந்து மாறும். அன்னிக்கும் நாம கவனக்குறைவுன்னுதான் எழுதுவோம்."

பேசி முடித்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. அந்த அறையில் அவள் இத்தனை நீளமாகப் பேசியதே இல்லை.

"இப்ப வார்டுல யாரு நிப்பா?" என்று கேட்டார் கண்காணிப்பாளர்.

"நான் நிக்கறேன். காலையில வந்தவ நான், எனக்கு இன்னும் தெம்பு இருக்கு. தியேட்டருக்குப் போனவளத் திருப்பி அனுப்பச் சொல்லுங்க, அது என் வார்டு ஆளு. அவ வர்ற வரைக்கும் புதுசா யாரையும் எங்க வார்டுக்கு ஏத்தாதீங்க. யாராவது கேட்டா, நான்தான் முடியாதுன்னு சொன்னேன்னு சொல்லுங்க."

கண்காணிப்பாளர் போனை எடுத்துத் தியேட்டருக்குப் பேசினார். மனம் மாறிப் பேசினாரோ, பயந்து பேசினாரோ, அது அவருக்குத்தான் தெரியும்.

டிப்போக்காரர் தன் காகிதத்தைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்திருந்தார். எழுதியதை ஒருமுறை வாய்விட்டுப் படித்தார். "என் மனைவியைக் கவனித்துக்கொண்ட செவிலியை, நேற்று மாலை வந்ததிலிருந்து இந்த நிர்வாகம் வீட்டுக்கு அனுப்பவில்லை. தூக்கமில்லாதவர் கையில் என் மனைவியின் உயிரைக் கொடுத்திருக்கிறது. என் புகார் இந்த நிர்வாகத்தின் மேல்." படித்துவிட்டு இன்சார்ஜைப் பார்த்தார். "இது போதுமா மேடம்?"

"போதும் சார்."

"அப்ப நான் கிளம்பறேன். டிப்போவுல ஒரு தம்பிய வீட்டுக்கு அனுப்பணும்."

கையெழுத்துப் போட்டு மேஜையில் வைத்துவிட்டு எழுந்தார். வாசலில் நின்றிருந்த சரிக்காவைக் கடக்கும்போது தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

இன்சார்ஜ் சரிக்காவைக் கையைப் பிடித்து ஆஸ்பத்திரி வாசல்வரை கூட்டிக்கொண்டு போனாள். வெளியே வெயில் தணிந்திருந்தது. எதிர்ப்புறம் பஸ்ஸுக்கு ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். சரிக்காவுக்கு இன்னும் நடந்தது முழுசாகப் பிடிபடவில்லை.

"அக்கா, என்னாலதானே உங்களுக்கு இந்தச் சங்கடம். நான் கொஞ்சம் முழிச்சுக்கிட்டு இருந்திருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது."

"வாய மூடு."

"இல்லக்கா, வேணும்னா சாயங்காலம் வரைக்கும் நான்..."

இன்சார்ஜ் நின்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. அதை மறைக்கவும் இல்லை.

"இங்க பாரு. நீ வேலைக்கு வந்த மொத நாள், நோயாளிய மனுஷனாப் பாக்கணும்னு உனக்குச் சொல்லிக் குடுத்தேன். நீ அப்படியே பாத்தே. ஆனா உன்னை மனுஷியாப் பாக்கணும்னு எனக்கு இத்தனை வருஷத்துல தோணவே இல்ல. தூங்கினது உன் தப்பு இல்ல, தூங்க விடாதது எங்க தப்பு. ஒருத்தர் ஒடம்பக் கெடுத்து இன்னொருத்தர் ஒடம்பக் காப்பாத்த முடியாது. அத எந்த ஆஸ்பத்திரி மறக்குதோ, அங்க நோயாளிக்கும் பாதுகாப்பு இல்ல. போ. போய்த் தூங்கு."